தினமும் துடைத்த கறுப்பு வண்டி

போன வருடம் மதுரைச் சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய மறுவாரம், ஒத்தக்கடையிலிருந்து ஒரு கறுப்பு வண்டி என் பட்டறைக்கு வந்தது. ஏழு பேர் உட்காரும் பெரிய வண்டி. வாங்கி நான்கு வருடம், 61,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. மெட்டாலிக் மினுக்கு எதுவும் கலக்காத சுத்தக் கறுப்பு. உரிமையாளர் மாசி வீதிப் பக்கம் பாத்திரக் கடை வைத்திருப்பவர். ஓட்டி வந்தவர் அவருடைய டிரைவர், அறுபதை நெருங்கியவர். இறங்கியதும் கதவுக் கண்ணாடியில் இருந்த கைரேகையைத் தோளில் கிடந்த மஞ்சள் துணியால் துடைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தார்.

"தெனம் ரெண்டு வேளை தொடைக்கிறேன் தம்பி. அப்படியும் சாம்பல் பூத்த மாதிரியே இருக்கு. கம்பெனிக்காரன் போட்ட பெயின்ட்டே மட்டம்னு முதலாளி சொல்றாரு. நீங்க என்ன சொல்றீங்க?"

பெயின்ட்டில் ஒரு குறையும் இல்லை. அது அன்று மதியமே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் எனக்குப் பெரிய வேலையாக இருந்தது.

இந்த ஒரு வண்டியை விரிவாக எழுதக் காரணம் உண்டு. கறுப்பு வண்டி கெடுவதற்கு நம் ஊரில் என்னென்ன வழி இருக்கிறதோ, அநேகமாக அத்தனையும் இதில் இருந்தன. அதே சமயம், என்னிடம் வந்த வண்டிகளில் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்ளப்பட்ட வண்டி இன்னொன்று இல்லை.

வெயிலில் வைத்துப் பார்த்தபோது

காலை பத்து மணி வெயிலில் பானட்டைப் பார்த்தேன். சூரியன் தெரிந்த இடத்தைச் சுற்றி சிலந்தி வலை விரித்தது போல நுண்கீறல்கள். தலையை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்கிறது. கீறல்கள் உண்மையில் வட்டமாக இருப்பதில்லை. எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும். அவற்றில் வெளிச்சத்துக்குக் குறுக்காக இருப்பவை மட்டும் நம் கண்ணுக்கு மின்னுவதால் வட்டம் போலத் தெரிகிறது.

கடைக்காரர் சாயங்காலம் போனில் கேட்டபோது இதைச் சொல்ல எனக்குத் திணறல். அவரே எடுத்துக் கொடுத்தார். "பழைய எவர்சில்வர் தட்டை டியூப் லைட்டுக்கு நேரே பிடிச்சா தெரியுமே, அதானே? நார் போட்டுத் தேச்ச தட்டு." அதேதான். முப்பது வருடம் பாத்திரம் விற்றவருக்கு நான் பாடம் எடுக்கப் போயிருக்கிறேன்.

வெள்ளை வண்டியிலும் இதே கீறல் விழும். நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாப் பூச்சு ரெண்டுக்கும் ஒரே மாதிரிதான். ஆனால் கறுப்பு தன் பங்குக்கு வெளிச்சம் எதையும் திருப்பித் தருவதில்லை. நாம் பளபளப்பு என்று பார்ப்பதெல்லாம் கிளியர் கோட்டின் மேற்பரப்பு கண்ணாடி போலத் திருப்பி அனுப்புவது மட்டுமே. நேராக விழும் வெளிச்சத்தில் அது சுமார் 4 சதவீதம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு பங்கு கீறலில் பட்டுச் சிதறினாலும் கறுப்பு சாம்பல் நிறமாகிவிடும். வெள்ளையில் அடியில் இருக்கும் நிறமே அவ்வளவு வெளிச்சத்தை வாரி இறைப்பதால் கீறல் அதில் காணாமல் போகிறது. டிரைவர் அண்ணன் சொன்ன "சாம்பல் பூத்த மாதிரி" என்பதைவிடச் சரியான வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, பெயின்ட்டின் கனம் பார்க்கும் மீட்டர். தகட்டின் மேல் துருத் தடுப்புப் பூச்சு, பிரைமர், நிறப் பூச்சு, கிளியர் கோட் எல்லாம் சேர்த்து இந்த மாதிரி வண்டிகளில் 100 முதல் 130 மைக்ரான் வரை இருக்கும். அதில் கிளியர் கோட் மட்டும் ஏறத்தாழ 40 மைக்ரான். நம் தலைமுடியின் கனம் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், வண்டியின் மொத்தப் பளபளப்பும் பாதி முடி கனத்துக்குள் அடங்கியிருக்கிறது. மீட்டர் மொத்தக் கனத்தைத்தான் காட்டும், கிளியர் கோட்டைத் தனியாகக் காட்டாது. பிளாஸ்டிக் பம்பரில் எதையுமே காட்டாது. அதனால் எண்ணை வைத்து ஊகிக்கத்தான் வேண்டும்.

கூரை 112 முதல் 118. இடது பக்கக் கதவுகள் 108 முதல் 115. வலது பின் கதவு 240க்கு மேல்: எங்கோ இடித்து, திரும்பப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பானட்தான் என்னை நிறுத்தியது. நடுவில் 94, முன் விளிம்பு மடிப்பில் ஓர் இடத்தில் 79. கூரையோடு ஒப்பிட்டால் இருபது மைக்ரானுக்கு மேல் காணோம். யாரோ மெஷின் வைத்து நன்றாகவே தேய்த்திருக்கிறார்கள்.

கேட்டேன். போன தீபாவளிக்கு முன் ஓரிடத்தில் 'பாலிஷ்' போட்டதாகச் சொன்னார்கள். வந்தபோது கண்ணாடி மாதிரி இருந்ததாம். ஒரு மாதத்தில் பழைய கதை.

இங்கே நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதலில் வெறும் கண்ணால் பார்த்து, கதவுகளில் கீறல் குறைவு என்று நினைத்து, போனிலேயே ஒரு தொகை சொல்லிவிட்டேன். அப்புறம்தான் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து ஒரு கதவைத் துடைத்துப் பார்த்தேன். துணி நகர நகர, அது வரை இல்லாத கீறல்கள் அடியிலிருந்து எழுந்து வந்தன. பழைய கிளேஸ் பசையும், அதன் மேல் எண்ணெய்ப் பிசுக்கும் கீறல் பள்ளங்களை நிரப்பி மறைத்திருந்தன. சுவர் வெடிப்பைப் பட்டி பார்க்காமல் சுண்ணாம்பு அடித்து மூடுவது போன்ற வேலை. நாலு தடவை கழுவினால் போய்விடும். சொன்ன தொகையை மாற்ற மனம் வரவில்லை, நஷ்டம் என்னோடு. அன்றிலிருந்து ஆல்கஹால் துடைக்காமல் விலை சொல்வதில்லை.

எண்ணெய்ப் பிசுக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு டிரைவர் அண்ணன் கூச்சமே இல்லாமல் சொன்னார்: "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை டீசல் தொட்டுத் தொடைப்பேன். ஜம்முனு இருக்கும்."

அம்பாசடர் கற்றுக் கொடுத்தது

அவர் இருபது வருடம் அம்பாசடர் ஓட்டியவர். அந்தக் கதையைக் கேட்ட பிறகுதான் வண்டியின் மேல் இருந்த அத்தனைக்கும் எனக்கு அர்த்தம் புரிந்தது.

பழைய வண்டிகளில் நிறப் பூச்சுக்கு மேல் தனியாகக் கிளியர் கோட் கிடையாது. பெயின்ட் வெயிலில் வெளுத்து மேலே மாவு மாதிரி படியும். கையால் தேய்த்தால் கையில் நிறம் ஒட்டும். அந்த வெளுத்த தோலைத் தேய்த்து எடுத்தால் அடியில் புது நிறம். கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் வறண்ட பெயின்ட் ஈரம் குடித்தது போலக் கறுகறுவென்று ஆகிவிடும். அதனால் துடைக்கத் துடைக்கப் பளபளத்தது. தினம் துடைப்பவர் நல்ல டிரைவர், துடைக்காதவர் சோம்பேறி என்று பெயரும் வந்தது. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது. பழக்கம் நிற்கவில்லை.

இன்றைய வண்டியில் மேலே இருப்பது கெட்டியான பிளாஸ்டிக் மாதிரி ஒரு படலம். அது எண்ணெய் குடிக்காது. டீசல் மேலேயே நின்று தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மறுநாள் காலை அந்தத் தூசி மேல் மஞ்சள் துணி போகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை, நான்கு வருடம்: கிட்டத்தட்ட 2,900 தடவை.

தூசி என்றால் எந்தத் தூசி? அவர்கள் வீடு மேலூர் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரம். கல் ஏற்றிய லாரிகள் போகும் பாதை. கிரானைட் தூளில் குவார்ட்ஸ் உண்டு. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் அது 7. ஜன்னல் கண்ணாடியே ஐந்தரைதான். கண்ணாடியைக் கீறக்கூடியது பிளாஸ்டிக் படலத்தை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. ஈரத் துணியால் துடைத்தேன் என்று சிலர் சொல்வார்கள். தண்ணீரே இல்லாமல் துடைப்பதைவிட மேல்தான். ஆனால் ஒரே துணியை ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால், டயர் ஓரத்து மணல் கூரைக்கு ஏறும். அது உப்புத்தாள் பிடித்த கதைதான்.

சிவப்பு நூல் குஞ்சம் வைத்த மெழுகு பிரஷ் ஒன்றும் டிக்கியில் கிடந்தது. அதைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை. துணிக்குச் சொன்னதே அதற்கும்.

தண்ணீர்

கூரையிலும் பானட்டிலும் வெள்ளை வளையங்கள். சின்ன வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல வளையத்துக்குள் வளையம். போர் தண்ணீர்க் கறை. அவர்கள் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவரச் சொல்லி கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டேன்: 1,650. குடிதண்ணீருக்கான இந்தியத் தரத்தில் 500 வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம் என்று இருக்கிறது. ஒரு லிட்டரில் 1,650 மில்லிகிராம் என்றால், 15 லிட்டர் வாளியில் 25 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. ஒரு கைப்பிடியில் பாதி. அதைக் கரைத்து வண்டி மேல் ஊற்றி, வெயிலில் காய விடுகிறோம்.

இதைவிட ஒரு கூத்து நடந்திருந்தது. வீட்டில் ஆர்.ஓ. மெஷின் மாட்டிய பிறகு, அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்து அதில்தான் கடைசி அலசல் அலசுவார்களாம். "ஆர்.ஓ. தண்ணி சுத்தமா இருக்கும்ல" என்றார் டிரைவர் அண்ணன். சுத்தமானது குடிக்கிற குழாயில் போய்விடுகிறது; அதிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்ததுதான் இந்த வாளி. மீட்டரில் 2,700 காட்டியது. வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லதுதான். தரை கழுவட்டும்.

வெயிலும் சேர்ந்துகொள்கிறது. அன்று மதியம் இரண்டு மணிக்கு அகச்சிவப்புத் தெர்மாமீட்டரில் இந்த வண்டியின் பானட் 69 டிகிரி. பக்கத்தில் நின்ற வெள்ளைக் காரில் 48. அந்தச் சூட்டில் ஒரு சொட்டு விழுந்தால் ஓரத்திலிருந்து காய்ந்து, உப்பை வளையமாக விட்டுவிட்டுப் போகும். புதிதாக இருக்கும்போது அது மேலே ஒட்டிய கறைதான். நாளாக ஆகப் படலத்தையே அரித்துப் பள்ளம் ஆக்கிவிடும். காக்கை எச்சத்துக்கும் இதே கணக்கு. சூட்டில் இளகிய படலம் எச்சத்தின் கீழ் ஒரு வடிவத்துக்கு மாறி, ராத்திரி குளிரும்போது அப்படியே இறுகிவிடும். இந்த வண்டி நிற்பது வேப்ப மரத்தடியில். ஆனி, ஆடியில் பழம் உதிரும்போது மைனாவும் காக்கையும் கூரையில் கூட்டம் போட்டிருக்கின்றன.

பானட் நடுவில் ஒரு பட்டை

எனக்குப் பிடிபடாத ஒன்று பானட் நடுவில் இருந்தது. விரல் அகலத்தில் குறுக்கே மூன்று மங்கல் கோடுகள். கழுவினாலும் ஆல்கஹாலிலும் போகவில்லை. ஏதோ ஸ்டிக்கர் ஒட்டிப் பிய்த்த தடம் என்று நினைத்தேன்.

கடைக்காரர் நேரில் வந்தபோது பார்த்ததும் சிரித்துவிட்டார். திருநீற்றுப் பட்டை. அவருக்குக் குலசாமி கருப்பு. பலர் வேண்டாம் என்று சொல்லியும் கறுப்பு வண்டி எடுத்ததே அதனால்தான். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும், ஒவ்வோர் ஆடிக்கும் அழகர் கோயில் பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதிக்குப் போய்ப் பூஜை போட்டு வருவார். அதே இடத்தில் பட்டை, அதன் நடுவே சந்தனம், குங்குமம். மூன்று நாள் வெயிலில் காய்ந்த பிறகு டிரைவர் அண்ணன் துணியால் தேய்த்து எடுப்பார்.

சாம்பல் காரத்தன்மை உள்ளது, நுண்ணிய துகளும் கூட. பாட்டி காலத்தில் பித்தளைப் பாத்திரத்துக்குச் சாம்பலைத்தானே போட்டார்கள். குங்குமம் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்துச் செய்வது, அதுவும் காரம். காய்ந்ததைத் தேய்த்த இடமெல்லாம் படலம் மங்கியிருக்கிறது. "சாமி வச்ச பொட்டு நிலையா நின்னுருச்சு" என்று கடைக்காரர் சொன்னபோது, அதை எடுக்க வேண்டுமா என்றே ஒரு கணம் தயங்கினேன். எடுக்கத்தான் சொன்னார்.

வேலை

பட்டறை வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் நுரை அடித்து ஊற வைத்து, கை வைக்காமல் அழுத்தத் தண்ணீரில் தூசியை இறக்கினோம். பிறகு மிட் என்கிற மிருதுவான கழுவல் உறையைக் கையில் போட்டுக் கழுவல். பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகளுக்கு அதற்கான மருந்து. இரும்பில் பட்டதும் ஊதாவாக வடியும், நாற்றம் தாங்காது. அப்புறம் களிமண் கட்டி, வழுக்கும் திரவம் தெளித்துக்கொண்டே. புத்தூர்ப் பக்கம் கிடைக்கிற களிமண் இல்லை. பிசின் மாதிரி இழுபடும் ஒரு பொருள். விரலுக்குச் சொரசொரப்பாக இருந்த கூரை அதற்குப் பிறகு கண்ணாடியாக வழுக்கியது.

தண்ணீர்க் கறைக்கு வெள்ளை வினிகரைச் சம அளவு சுத்தத் தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் போர்த்தினேன். நிழலில், தகடு குளிர்ந்திருக்கும்போது மட்டும். பித்தளைக்குப் புளி போடுகிற அதே விஷயம். வளையங்களில் பாதிக்கு மேல் அதிலேயே போனது. அரித்துப் பள்ளமானவை நின்றன.

கீறல் எடுப்பது என்றால் கீறலை எடுப்பதில்லை. சுற்றியிருக்கும் படலத்தைக் கீறலின் அடி மட்டத்துக்குத் தேய்த்து இறக்குவது. கடைக்காரருக்கு இதுவும் தெரிந்திருந்தது. "பஃப் அடிச்சா பாத்திரம் எடை குறையும்ணே. அதே தட்டை எத்தனை தடவை அடிக்கிறது?" என்றார். அதனால்தான் முதலில் இரண்டடிக்கு இரண்டடி ஒரு சதுரத்தில் மட்டும், மிருதுவான ஃபோம் பேடும் லேசான பாலிஷும் வைத்துப் பார்த்தேன். பாதிக் கீறல் போனது. கொஞ்சம் கடின பேடுக்கு மாறியதும் எண்பது சதவீதம். கதவுகளுக்கும் கூரைக்கும் அதுவே போதும் என்று நிறுத்திக்கொண்டேன். இரண்டு வகைச் சுழற்சியும் சேர்ந்த டூயல் ஆக்‌ஷன் மெஷின்தான் பிடித்தேன். முன்பு பானட்டைத் தேய்த்தவர் ஒரே சுழற்சி மட்டும் உள்ள ரோட்டரி பிடித்திருக்க வேண்டும். வெயிலில் தெரிந்த மயிலிறகு போன்ற தடம் அதைத்தான் சொன்னது.

பானட்டுக்கு ஒரே ஒரு தடவை, மிருதுவான பேடு. 79 காட்டிய விளிம்பில் டேப் ஒட்டிவிட்டு மெஷினை அண்டவே விடவில்லை. பட்டைத் தடம் தொண்ணூறு சதவீதம் மறைந்தது. கூரையில் எச்சம் அரித்த ஓர் இடம், சுண்டு விரல் நகம் அளவு, இன்னும் இருக்கிறது. அதை எடுக்க ஐந்தாறு மைக்ரான் கொடுக்க வேண்டும். கூரையை அண்ணாந்து பார்ப்பவர் யார்? விட்டுவிட்டேன்.

பகலில் வேலை செய்ய முடியவில்லை. அக்கினி நட்சத்திரம் தொடங்கியிருந்தது. பாலிஷ் பசை பேடிலேயே காய்ந்து மாவாகப் பறந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி நள்ளிரவு வரை, மூன்று ராத்திரி. கதவுகளில் கனம் சராசரி 3 மைக்ரான் குறைந்திருந்தது.

எல்லாம் முடிந்து செராமிக் கோட்டிங் போடச் சொன்னார் கடைக்காரர். "9எச் கடினமாம், எதுவும் கீறாதாம்." அந்த 9எச் பென்சில் கடினம்: வெவ்வேறு கடின பென்சிலால் கீறிப் பார்க்கும் சோதனையின் கடைசிப் படி. மோஸ் அளவையின் 9 இல்லை. கோட்டிங்கின் கனமோ ஓரிரு மைக்ரான். தண்ணீரை உருட்டிவிடும், அழுக்கு ஒட்டாமல் பார்த்துக்கொள்ளும், வெயிலையும் காரத்தையும் ஓரளவு தாங்கும். கிரானைட் தூசியையும் மஞ்சள் துணியையும் தாங்காது. பழக்கம் மாறாமல் கோட்டிங் போட்டால் ஆறு மாதத்தில் கோட்டிங்கில் கீறல் பார்க்கலாம் என்று சொன்னேன். ஆறு மாதம் நிற்கும் சீலன்ட் என்ற சாதாரணப் பாதுகாப்புப் பூச்சு மட்டும் போட்டு, "இது போகும்போது வாருங்கள், வண்டி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வோம்" என்றேன். கையில் வந்த காசை விட்டதாக என் தம்பிக்கு இன்றும் வருத்தம்.

துடைக்காமல் இருப்பது

மெஷின் வேலையைவிடக் கடினமானது இதுதான். நான் சொன்னது ஒரே விஷயம்: தூசி படிந்தால் அப்படியே விடுங்கள். படிந்திருக்கிற தூசி எதையும் செய்யாது, நகர்த்தினால்தான் கீறும்.

டிரைவர் அண்ணன் ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "தூசியோட வண்டியக் கடை வாசல்ல கொண்டு போய் நிப்பாட்டுனா, நான் வேலை பாக்கலைன்னுதானே தம்பி சொல்லுவாங்க?"

எனக்குப் பதில் இல்லை. வண்டி கெட்டதற்கு அவர்தான் காரணம் என்று ஒரு தடவை கூட நான் சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குப் புரிந்திருந்தது. நான்கு வருடம் விடியக்காலையில் எழுந்து செய்ததுதான் கெடுத்தது என்று கேட்பது சின்ன விஷயமில்லை. வெறுமனே "செய்யாதீர்கள்" என்று சொன்னால் நிற்காது, காலையில் அந்தக் கைக்கு வேறு வேலை வேண்டும் என்று தோன்றியது.

தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற ஐந்து லிட்டர் கைப்பம்பு ஒன்று புதிதாக வாங்கிக் கொடுத்தேன். அதில் அலசத் தேவையில்லாத கழுவல் திரவம், லிட்டருக்கு 4 மில்லி. வாரத்தில் இரண்டு நாள், வெயில் ஏறும் முன், ஒரு பக்கம் முழுக்கத் தெளித்து மூன்று நிமிடம் ஊற விட வேண்டும். பிறகு நனைந்த மைக்ரோஃபைபர் துணியால் அழுத்தாமல் ஒரே திசையில் ஓர் இழுப்பு. துணியை எட்டாக மடித்து, ஒரு பக்கத்துக்கு ஒரு மடிப்பு. மடிப்புகள் தீர்ந்தால் அடுத்த துணி. பத்து துணி கொடுத்தேன். கீழே விழுந்த துணி அந்த நிமிடமே டயர் துணியாகிவிடும், எடுத்து உதறிப் பயன்படுத்தக் கூடாது. துவைக்கும்போது வாசனைத் திரவம் சேர்க்கக் கூடாது. வேலியில் காயப் போடக் கூடாது.

பத்து நாளுக்கு ஒரு தடவை முழுக் கழுவல். இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் மிட்டை அலச வெறும் தண்ணீர். மேலிருந்து கீழே. கதவுகளின் அடிப்பகுதி கடைசி. சக்கரத்துக்குத் தனித் துணி, தனி வாளி. துணி துவைக்கும் பவுடர் கூடாது. அது சீலன்ட்டையும் சேர்த்துத் துவைத்துவிடும்.

கடைசி அலசலுக்குத் தண்ணீர்? இதற்கு விடை அவர்கள் வீட்டு மாடியிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. ஏ.சி.யிலிருந்து வடியும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது. உப்பு கிட்டத்தட்டக் கிடையாது. மீட்டரில் 22. இரண்டு ஏ.சி. ஓடினால் ஒரு ராத்திரிக்கு ஒரு வாளி தேறும். மெல்லிய துணியில் வடிகட்டி, போர் தண்ணீரில் கழுவி முடித்ததும் மேலிருந்து ஊற்றினால் போதும், ஒரு சொட்டு விட்டுப் போனாலும் வளையம் விழாது. இதைச் சொன்னபோதுதான் டிரைவர் அண்ணன் முகத்தில் முதல் தடவையாக ஆர்வம் தெரிந்தது. எத்தனை லிட்டர், எந்த நேரம் பிடிக்கலாம், மழைக் காலத்தில் கூட வருமா என்று அடுக்கடுக்காகக் கேட்டார்.

பூஜைக்கு வழி கண்டுபிடித்தவர் கடைக்காரர். புதுப் பாத்திரத்தின் மேல் கீறல் விழாமல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளைச் சொல்லி, "அது மாதிரி ஒண்ணு பானட்ல ஒட்ட முடியாதா?" என்றார். வண்டிக்கென்றே வரும் பாலியூரித்தேன் படலம் 150, 200 மைக்ரான் கனத்தில் கிடைக்கிறது. முழு வண்டிக்கும் ஒட்ட லட்சத்தைத் தாண்டும். ஒட்டி மிஞ்சிய துண்டு ஒன்று என்னிடம் இருந்தது. பட்டை விழும் இடத்தில் ஒரு சாண் அகலத்துக்கு ஒட்டிக் கொடுத்தேன். கிட்டே போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்றாம் மாதம்

ஆடி கடைசியில் வண்டி வந்தது. பானட், கூரை, வலது பக்கம் எல்லாம் நான் கொடுத்தபடியே. இடது பின் கதவில் மட்டும் கைப்பிடிக்குக் கீழே, இடுப்பு உயரத்தில், பாதி நிலா வடிவத்தில் புதுக் கீறல்கள். வேறு எங்கும் இல்லை.

டிரைவர் அண்ணனைப் பார்த்தேன். அவர் வேப்ப மரத்தைப் பார்த்தார். "நான் இல்ல தம்பி" என்றார், அவ்வளவுதான்.

இடது பின் கதவு முதலாளி இறங்குகிற கதவு. கடைக்காரருக்கு போன் போட்டு, எந்தக் கையில் துண்டு வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் ஒரே சிரிப்பு. இறங்கிக் கதவைச் சாத்தியதும் தோளில் கிடக்கிற துண்டால் ஓர் அரைவட்டம் இழுத்துவிட்டுத்தான் கடைக்குள் போவாராம். "முப்பது வருசமா பாத்திரத்தை எடுத்தா ஒரு தொடை தொடைச்சுத்தான் வாடிக்கையாளர் கையில கொடுப்பேன். கை தானா போகுது."

அந்தக் கதவை மட்டும் லேசாக ஒரு தடவை ஓட்டினேன். ஒன்றரை மைக்ரான் போனது.

ஒரு வருடம் கழித்து

நவம்பரில் சீலன்ட் தீர்ந்திருந்தது. தண்ணீர் உருளாமல் படர்ந்தது. கீறல் புதிதாக இல்லை என்பதால் அப்போது கோட்டிங் போட்டேன், மெஷின் பிடிக்கத் தேவைப்படவில்லை. ஆயுத பூஜைப் பட்டை படலத் துண்டின் மேல் விழுந்து, ஈரத் துணியில் ஊறிக் கழன்றிருந்தது. துண்டு மட்டும் லேசாக மஞ்சள் பாரித்திருக்கிறது. அதை அடுத்த வருடம் மாற்றினால் போதும்.

இந்தச் சித்திரையில் மறுபடி மீட்டர் வைத்துப் பார்த்தேன். கூரை 110 முதல் 115, பானட் நடு 93, விளிம்பு அதே 79. வலது பின் கதவில் மட்டும் மீதி வண்டியைவிடக் கொஞ்சம் அதிகமாக நுண்கீறல். திரும்ப அடித்த பெயின்ட் அங்கே மிருதுவாக இருக்கிறது போலும். வெயிலில் சூரியனைச் சுற்றி வலை இல்லை, நாலைந்து தனிக் கோடுகள். அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் கூட்டத்துக்குள் மாட்டி, பீய்ச்சிய தண்ணீரும் புழுதியும் சேர்ந்து காய்ந்த நிலையில்தான் வண்டி வந்திருந்தது. இரண்டு நாள் அப்படியே, யாரும் தொடாமல்.

"ரெண்டு நாளு கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்றார் டிரைவர் அண்ணன். டிக்கியைத் திறந்தார். மூடி போட்ட இருபது லிட்டர் கேன்கள் இரண்டு, ஏ.சி. தண்ணீர். எதிர் வீட்டிலும் பைப் போட்டுப் பிடிக்கிறாராம்.